வந்தவர்களுக்குத் தண்ணீர்

அத்தியாயம் 9

பெயின்ட் டப்பாக்கள் வந்து இறங்கிய மறுநாள், சனிக்கிழமை. பிராகோ கண் விழிக்கும்போதே வெளியே சுவரைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

பக்கவாதம் வந்து படுத்திருக்கும் பெரியவரின் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று குமாசி நகரத்தில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. துக்கத்துக்கு வருகிற கூட்டம் அழுக்குச் சுவரைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். டப்பாக்களை அனுப்பிய ஒஃபோரி மட்டும், "ஈஸ்டர் வருதில்ல, அதான்" என்று போனில் சொல்லியிருந்தான். எந்த ஈஸ்டருக்கும் இந்த வீட்டுச் சுவரை யாரும் தொட்டதில்லை.

ஒஃபோரி, அப்பாவின் அக்கா மகன். பிராகோ, அப்பா பெற்ற மகள். ஆனால் இங்கே ரத்தம் தாய்வழியில்தான் ஓடும். அப்பா தன் தாய்வீட்டுக் குடும்பத்துக்குச் சொந்தம். பிராகோ, செத்துப்போன தன் அம்மாவின் குடும்பத்துக்குச் சொந்தம். அப்பா எங்கே படுக்க வேண்டும், யார் கையில் இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை அத்தைக்கும் அத்தை மகனுக்கும் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவருக்கு மலஜலம் அள்ளிப்போடுகிறவளுக்கு அந்த உரிமை இல்லை.

அந்த உரிமையோடுதான் அத்தை இன்று வருகிறாள். அப்பாவை மாம்போங்கில் இருக்கும் குடும்ப வீட்டுக்குத் தூக்கிப்போவதா, இங்கேயே விடுவதா என்று இன்று முடிவாகிவிடும்.

பிராகோ ஜன்னலைத் திறந்தாள். ஏணியின் மேல் இத்ரீசு நின்றிருந்தான். முகமெல்லாம் சுண்ணாம்புத் தூசி.

"தங்கச்சி, சாத்திக்க. பெரியவர் மேல தூசி விழும்."

"எந்தச் சுவரெல்லாம் அடிக்கச் சொன்னாங்க?"

"இப்போதைக்கு வெளிச்சுவரு. உள்ளுக்கு அப்புறமா சொல்றேன்னாரு ஒஃபோரி."

"அப்புறமான்னா எப்போ?"

இத்ரீசு சுரண்டும் தகட்டைத் திருப்பிப் பார்த்தான். அதில் படிக்க எதுவும் இல்லை. "எனக்கு என்ன தெரியும் தங்கச்சி. நான் கூலிக்கு வந்தவன்" என்றான்.

அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

பிராகோ எதையும் வரிசையாகச் செய்கிறவள். வரிசை தப்பினால் எதையோ விட்டுவிட்டோம் என்ற பயம் பிடித்துக்கொள்ளும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். தேவாலயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நடக்கும் மாலை வகுப்பில், முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பாடத்தைச் சேர்ந்து படிக்க ஆரம்பித்தபோது அவளுக்கு ஒரு வேலை கிடைக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். பாடம் பாதி நடக்கும்போதே பாடத்தில் வந்த நோயாளி வீட்டுக்கு வந்துவிட்டார்.

முதலில் விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்தாள். பிறகு அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்தாள். கால் விரல் இடுக்குகளைத் துடைத்தாள். வாயைச் சுத்தம் செய்தாள். உயிரில்லாத வலது கையைத் தலையணை மேல் தூக்கி வைத்தாள். நிமிர்த்தி உட்காரவைத்து, மோவாயை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி, இரத்தக் கொதிப்பு மாத்திரையைப் பொடித்துச் சோளக் கூழில் கலந்து ஒரு கரண்டி கொடுத்தாள். காத்திருந்தாள். தொண்டை ஏறி இறங்கியது.

"சொல்லுங்கப்பா."

"போலாம்" என்றார் அப்பா.

குரல் தெளிவாக இருந்தது. கரகரப்போ தண்ணீர்ச் சத்தமோ இல்லை. அடுத்த கரண்டி.

பக்கவாதம் அவருடைய எல்லாச் சொற்களையும் எடுத்துக்கொண்டு அந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தது. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். சரக்கு ஏற்றி முடிந்ததும் கிளீனர் பலகையைத் தட்டிக் கத்துகிற சொல் அது. இப்போது பசித்தால் போலாம், வலித்தால் போலாம், ஒன்றுக்கு வந்தால் போலாம். லாரியின் நெற்றியில் 'யாரறிவார்' என்று எழுதியிருந்ததால் ஊரில் அவருக்கும் அதுவே பேர். இன்றைக்கும் தெருவில் போகிறவர்கள், "யாரறிவார் எப்படியிருக்கார்?" என்றுதான் கேட்பார்கள்.

கூழ் முடிந்ததும் அவர் இடது கையைத் தூக்கி மேசையைக் காட்டினார். மேசையில் தண்ணீர்க் கூஜா.

"போலாம்."

"தெரியும்பா. இதோ."

அவள் எடுத்தது கூஜாவை அல்ல. சோள மாவு போட்டுக் காய்ச்சி, தேன் பதத்துக்கு வந்து ஆறியிருந்த தண்ணீரை. வெறும் தண்ணீர் அவர் தொண்டையில் நேராகப் போகாது, பாதை தவறி நுரையீரலுக்கு இறங்கிவிடும், கெட்டியாக இருந்தால்தான் விழுங்க நேரம் கிடைக்கும் என்று ஆஸ்பத்திரியிலும் சொல்லியிருந்தார்கள், வகுப்பில் பாடம் நடத்தும் மேட்ரனும் சொல்லியிருந்தார். கரண்டியைக் கண்டதும் அப்பா உதட்டை இறுக்கிக்கொண்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

அந்தக் கரண்டியைத் தானே பிடித்துக் குடிக்கப் பழக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். அதற்கும் அவர் ஒப்பவில்லை. நல்லாயிருப்பது இடது கை. இடது கையால் வாங்குவதும் தின்பதும் வெட்கங்கெட்ட வேலை. வாய் போனாலும் மானம் போகவில்லை அவருக்கு.

பிராகோ கரண்டியைக் கீழே வைத்தாள். தான் செய்வது சரிதானா என்று அன்றைக்கு முதல் முறையாகச் சந்தேகம் வந்தது. தினமும் காலையில் இந்த நேரத்துக்கு வருகிற சந்தேகம்தான்.

*

அத்தை கறுப்புத் துணியில் வந்தாள். தோளில் சிவப்புப் பட்டை. பின்னால் ஒஃபோரி, கறுப்புச் சட்டையில். இங்கே துக்கச் சடங்கெல்லாம் சனிக்கிழமைதான். எஜிசு ஊரில் இன்று ஒரு துக்கம்; போகிற வழியில் இதை முடித்துக்கொண்டு போகிறார்கள்.

அப்பா அந்தத் துணியையே பார்த்தார்.

"அத்தை, மேல ஏதாவது போத்திக்கங்க. அவரு கறுப்பைப் பாக்கறாரு."

"பாக்கட்டுமே. சனிக்கிழமை கறுப்பு கட்டாத பொம்பளையை அவன் பாத்திருக்கானா?" போக்குவா அத்தை கட்டிலருகே இருந்த பெரிய நாற்காலியில் அமர்ந்தாள். அது அப்பாவின் நாற்காலி. "தம்பி, ஒனக்காகக் கட்டலை. இது வேற ஆளுக்கு."

ஒஃபோரி சிரித்தான். அப்பாவின் வாயின் ஒரு பக்கமும் அசைந்தது. பிராகோவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் பேச்சைத் தொடங்கக் கூடாது. அவள் தட்டில் இரண்டு கண்ணாடித் தம்ளர்களை வைத்து, கூஜாவிலிருந்து ஊற்றி, வலது கையால் முதலில் அத்தைக்கும் பிறகு ஒஃபோரிக்கும் நீட்டினாள். அத்தை வாங்கி ஒரு வாய் குடித்தாள். அதற்குப் பிறகு வீட்டுக்காரர் வந்த விஷயத்தைக் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் கட்டிலில் கிடந்தார்.

வெளியே இத்ரீசு சுரண்டிக்கொண்டிருந்தான்.

"கேட்க ஆளில்லாத வீட்ல யாருகிட்ட சேதி சொல்றது?" என்றாள் அத்தை.

"இங்க எல்லாரும் சௌக்கியம். நீங்க வந்த விஷயத்தைச் சொல்லுங்க அத்தை" என்றாள் பிராகோ. குரல் நடுங்கியது.

"பாருடா, இவ கேக்கறா." அத்தை மகனைப் பார்த்தாள். "ஒன்னை இவனுக்குக் கேட்டப்பவே சரின்னு கட்டியிருந்தா இன்னைக்கு நீயும் கேக்கலாம், நாலு வார்த்தை சொல்லவும் செய்யலாம். அப்ப அத்தை வேண்டாதவ. சரி, கேட்டுட்ட, சொல்றேன். என் தம்பியை என் தாய் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"அத்தை, அங்க யாரு பாத்துக்குவாங்க?"

"நான் செத்தா போய்ட்டேன்?"

"அதில்ல. ராத்திரியும் பகலும் அவரைத் திருப்பிப் படுக்கவைக்கணும். இல்லன்னா புண்ணு வந்துரும். சாப்பாடு குடுக்கறதுக்கு ஒரு முறை இருக்கு, உக்காந்து..."

"ஒன் முறையைத்தான் பாத்தேனே." அத்தை மேசைமேல் இருந்த கிண்ணத்தை எடுத்துச் சாய்த்தாள். கெட்டித் தண்ணீர் மெல்லச் சரிந்தது. "ஒஃபோரி, இது என்னன்னு தெரியுதா?"

"பசை மாதிரி இருக்கு."

"பசையேதான். போஸ்டர் ஒட்டக் காய்ச்சியிருக்கா. அவன் படத்தைப் போட்டு, கீழ வயசைப் போட்டு, தெருமுக்குல ஒட்டலாம்னு. செவுத்துக்கு நீ பெயின்ட் வாங்கிட்ட, பசையை இவ காய்ச்சிட்டா. இனி அவன் போறது ஒண்ணுதான் பாக்கி."

"அம்மா" என்றான் ஒஃபோரி, தலையைக் குனிந்துகொண்டு.

"பெயின்ட் ஈஸ்டருக்குன்னு சொன்னீங்க அத்தான்" என்றாள் பிராகோ.

ஒஃபோரி தன் தம்ளரைத் தரையில் வைத்தான். "நாலு பேரு என்னைக் கேப்பாங்க பிராகோ. மாமா வீட்டைப் பாருன்னு. டாக்டர் என்ன சொன்னாருன்னு நீயும்தான் கேட்ட. நான் கெட்டவன் இல்ல. வேலையை முன்கூட்டி செய்யறவன்."

அதைச் சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது. அது பொய்க் கலக்கம் இல்லை என்பதுதான் பிராகோவுக்கு இன்னும் கசந்தது.

அப்பா இடது கையைத் தூக்கினார். "போலாம்" என்றார். கை காட்டியது அத்தையின் மடிமேல் இருந்த தம்ளரை.

"என்ன தம்பி? தண்ணியா?"

"வேண்டாம் அத்தை, அவருக்கு வெறும் தண்ணி குடுக்கக் கூடாது. தொண்டைல..."

"வீட்டுக்கு வந்த நான் குடிக்கறேன். வீட்டைக் கட்டினவன் வாய் காஞ்சு கிடக்கான்." அத்தை எழுந்துவிட்டாள். "ஊருல சொன்னா காறித் துப்புவாங்கடி. பெத்த அப்பனுக்குத் தண்ணி மறுக்கறவளை நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்."

பிராகோ அவள் முழங்கையைப் பிடித்தாள். பெரியவள் மேல் கை வைத்தாள். அறையில் இருந்த மூன்று பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்; அவளே விட்டுவிட்டாள்.

அத்தை தம்ளரை நீட்டினாள். அப்பா இடது கையை நீட்டினார்.

இடது கையால் கடலை கொடுத்ததற்காக ஆறு வயதில் பிராகோவின் புறங்கையில் அடித்தவள் அத்தை. அதே அத்தை இப்போது ஒன்றும் சொல்லாமல் அந்த இடது கையில் தம்ளரை வைத்து, விரல்களை மூடி, தன் கையால் தாங்கிக்கொண்டாள். இத்தனை நாளாகப் பிராகோ கெஞ்சியும் கரண்டியைப் பிடிக்காத கை, தானாக வாய்க்குப் போயிற்று. ஒரு வாய். இன்னொரு வாய். மோவாயில் கொஞ்சம் வழிந்தது.

பிராகோ இருமலுக்குக் காத்திருந்தாள். கைகளைத் தயாராக வைத்திருந்தாள். முன்பக்கம் சாய்க்க வேண்டும், முதுகைத் தாங்க வேண்டும்.

இருமல் வரவில்லை.

"எங்க, சொல்லு தம்பி."

"போலாம்" என்றார் அப்பா. கண்ணில் நீர் நிற்க, பாதி வாய் விரியச் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் பிராகோவைப் பார்த்து ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

"கேட்டியா? அவனே சொல்றான், போலாம்னு. டிரைவரே சொன்னப்புறம் வண்டியை நிறுத்த நீ யாரு?" அத்தை மேலாடையால் தம்பியின் மோவாயைத் துடைத்தாள். "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் வரோம். துணிமணி எடுத்து வை."

அப்பா சொன்ன அந்தச் சொல்லில் ஏதோ ஈரம் கேட்டதா? கடைசி எழுத்தில் மட்டும், குழாயில் காற்று போவதுபோல? பிராகோவுக்குத் தெரியவில்லை. தோற்றுப்போனவளின் காது அப்படிக் கேட்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

*

அவர்கள் போன பிறகு அவள் தம்ளர்களைக் கழுவினாள். கழுவியதை மறுபடி கழுவினாள்.

மேட்ரன் தொண்டையைப் பற்றிய பாடத்தை நடத்திய அன்று மின்சாரம் போய்விட்டது. செல்போன் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் பேசினார். மழை தகரத்தில் கொட்டியது. இருமலைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார். இருமல் வந்தால் உடனே நிறுத்து என்றார், அது நிச்சயம். இருமல் வராவிட்டால்? வராவிட்டால் சரி என்றாரா? வராவிட்டாலும் நம்பாதே என்றாரா? பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கையைத் தூக்கிக் கேட்டிருக்கலாம். மற்றவர்களுக்குப் புரிந்தது தனக்கு மட்டும் புரியவில்லையோ என்று கேட்காமல் விட்டாள்.

ஒருவேளை தொண்டை சரியாகியிருக்கலாம். நாளாக ஆகச் சிலருக்குச் சரியாகும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களே. ஒருவேளை எத்தனையோ நாளாகச் சரியாகியிருக்க, தான்தான் பசையைக் காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்தாளோ. அத்தை சொன்னது உண்மையோ.

"போலாம்."

அப்பா கூஜாவைக் காட்டினார்.

நாளைக்கு இந்நேரம் அவர் மாம்போங்கில் இருப்பார். அங்கே ஆளாளுக்குத் தம்ளரை நீட்டுவார்கள். ஒவ்வொருவரையும் பார்த்து அவர் அந்தப் பாதிச் சிரிப்பைச் சிரிப்பார். அவளைப் பற்றி அவருக்கு நினைவிருந்தால், வாயைக் காயப்போட்டவள் என்றுதான் இருக்கும்.

பிராகோ அவரை நிமிர்த்தி உட்காரவைத்தாள். முதுகுக்குத் தலையணை. மோவாயைத் தாழ்த்தினாள். எல்லாம் முறைப்படி. கரண்டியில் தண்ணீர் எடுத்தாள். வெறும் தண்ணீர். கொடுத்தாள். காத்திருந்தாள். இருமல் இல்லை. இன்னொரு கரண்டி. இருமல் இல்லை. மூன்றாவது கரண்டியை அவர் தட்டிவிட்டு, தம்ளருக்கு இடது கையை நீட்டினார்.

அவள் தம்ளரைக் கையில் வைத்தாள். அத்தை செய்ததுபோலவே விரல்களை மூடித் தாங்கிக்கொண்டாள்.

அவர் குடித்தார். நிறுத்தாமல் குடித்தார். முடித்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு கிடைத்துவிட்டது.

"அல்ஹம்துலில்லா. யாரறிவார் தண்ணி குடிக்கறாரே."

ஜன்னலுக்கு வெளியே ஏணி இந்தப் பக்கம் நகர்ந்திருந்தது. எப்போது திறந்தாளோ, கதவு பாதி திறந்திருந்தது. இத்ரீசு தகட்டை இடுப்பில் செருகிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"முழுத் தம்ளரும் காலி. இனி நான் வீணாத்தான் சுரண்டறேன் போல."

"ஆமா, இறங்கு நீ" என்றாள் பிராகோ. அவளுக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு முழுவதும் வந்த ஒரே சிரிப்பு.

*

வெயில் சாய்வதற்குள் அப்பாவின் நெற்றி கொதித்தது. மூச்சு வேகமாக, மேலோட்டமாக வந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் ஏதோ கொதிப்பதுபோல் சத்தம். "சொல்லுங்கப்பா" என்றாள். அவர் வாயைத் திறந்தார். வந்தது சொல் அல்ல.

ஒஃபோரிக்குப் போன் செய்தாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. துக்க வீட்டுக் கூட்டத்திலிருந்து அப்படியே காரை எடுத்துக்கொண்டு வந்தான். பின் சீட்டில் அத்தை தம்பியின் தலையை மடியில் வைக்கப் பார்த்தாள்.

"படுக்க வைக்காதீங்க அத்தை. நிமிந்து இருக்கட்டும்."

அத்தை மறுபேச்சில்லாமல் அவரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இருந்தவர்கள் அவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். கறுப்பும் சிவப்புமாக ஒரு குடும்பம், உயிரோடு இருக்கும் ஒருவரைத் தள்ளிக்கொண்டு வருகிறது. "இவங்க முன்னாடியே கட்டிட்டு வந்துட்டாங்க" என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஒஃபோரி காது கேட்காதவன்போல் நடந்தான்.

அப்பாவின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டினார்கள். டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்தார். வலது பக்கம் கீழே இன்னொரு முறை வைத்துக் கேட்டார். நர்ஸிடம் ஏதோ சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். தலை நரைத்த நர்ஸ் மூவரையும் பார்த்தாள்.

"பக்கவாதக்காரர்னு சொல்றீங்க. வாய்வழியா என்ன குடுத்தீங்க? தண்ணி மாதிரி ஏதாவது?"

பிராகோ வாயைத் திறந்தாள்.

"நான்தான் குடுத்தேன்" என்றாள் அத்தை.

சொல்லிவிட்டு நேராக நின்றாள். பயந்தவள்போல் இல்லை. வழக்கு நடக்கும் இடத்தில் எழுந்து நின்று பேசுகிறவள்போல் இருந்தாள். "காலைல. இந்தப் பொண்ணு வேண்டாம்னுதான் சொன்னா. கையைக்கூடப் பிடிச்சா. நான் கேக்கலை. எல்லாரும் பாக்கத்தான் குடுத்தேன்."

"இருமினாரா?"

"இல்லையே. நல்லாத்தானே குடிச்சான்."

"இருமாததுதான் மோசம்மா" என்றாள் நர்ஸ், ஊசி மருந்தை உறிஞ்சிக்கொண்டே. "தொண்டைக்கு உணர்ச்சி போயிருந்தா இருமலே வராது. சத்தமில்லாம உள்ள இறங்கிடும். இருமலைன்னு நம்பிக் குடுத்துட்டேதான் இருப்பாங்க."

மழைச் சத்தத்தில் போன அந்த வாக்கியம் முழுசாகத் திரும்பி வந்து பிராகோவின் முன்னால் நின்றது.

"எவ்வளவு குடுத்தீங்க?"

"ரெண்டு வாய்."

நர்ஸ் நிமிர்ந்தாள். "ரெண்டு வாயா? அதுக்கப்புறம் வேற யாரும் குடுக்கலையே?" கேள்வி அத்தையை விட்டுப் பிராகோவிடம் வந்தது. வீட்டில் கூட இருந்தவள் அவள்தானே.

"இல்லை" என்றாள் பிராகோ.

அவ்வளவு சுலபமாக வந்தது. குரல் நடுங்கவில்லை. காலையில் விருந்தாளிகளிடம் வந்த விஷயம் கேட்கும்போது நடுங்கிய குரல்தான் அது.

நர்ஸ் திரை மறைப்பை இழுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒஃபோரி தாயின் பக்கம் திரும்பினான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது. "அவ சொன்னா இல்லம்மா. வேண்டாம்னு சொன்னா இல்ல. படிச்சிட்டு வந்து சொல்றவளைப் பசை காய்ச்சறவன்னு சொன்ன. நானும் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"என் தம்பிடா."

"ஆமா. நீதான் முடிச்ச."

அத்தை சுவரோரமாகப் போய்ச் சிமென்ட் தரையில் உட்கார்ந்தாள். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பிராகோ அதற்காக ஓர் அடி எடுத்தும் வைத்தாள்.

"பிராகோ" என்றான் ஒஃபோரி. அவன் முகம் அவளை விட்டு விலகி, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. "மாமா பிழைச்சு வந்தா மாம்போங் போக மாட்டாரு. ஒன்கிட்டதான் இருப்பாரு. குடும்பத்துல யாரு கேட்டாலும் நான் சொல்லிக்கறேன். இனி அவரு வாய்ல என்ன போகணும்கறது ஒன் பேச்சுதான்."

இதைத்தான் அவள் கேட்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா வந்த நாள் முதல், ஜெபத்திலும் சண்டையிலும் இதை ஒன்றைத்தான் கேட்டிருந்தாள். எடுத்து வைத்த அடி அங்கேயே நின்றது.

"சரி அத்தான்" என்றாள்.

"அந்தப் பெயின்ட்டையும் நிறுத்தச் சொல்லிடறேன். பாக்கவே அசிங்கமா இருக்கு." அவன் போனை எடுத்தான். "இத்ரீசு இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பான்."

பிராகோ போனை நோக்கிக் கையை நீட்டினாள். "அப்புறமா சொல்லிக்கலாமே. இப்ப என்ன அவசரம்?"

"ஒரு நிமிஷம்தான்." அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டான். "இத்ரீசு? ஆமா, நான்தான். நாளைக்கு நீ வர வேண்டாம். இல்ல, இல்ல, வேலையில குத்தம் ஒண்ணும் இல்ல. மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருக்கோம். ஆமா. மூச்சு விட முடியல."

மறுமுனையில் இத்ரீசு ஏதோ பேசினான். திகைத்துப்போய், கரிசனத்தோடு, நிறைய பேசினான். வார்த்தை புரியவில்லை. குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் பிராகோ நின்ற இடம்வரை வந்தது.

"என்னது?" என்றான் ஒஃபோரி.

கேட்டுக்கொண்டிருந்தான்.

"இல்லப்பா, அது காலைல. அம்மா குடுத்தது."

மறுபடி கேட்டான். இந்த முறை நீண்ட நேரம் கேட்டான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அவன் முகம் மெதுவாகத் திரும்பிப் பிராகோவின் மேல் வந்து நின்றது.

"முழுத் தம்ளரா?" என்றான் போனில்.

தரையில் அத்தை இன்னும் தலையில் வைத்த கைகளை எடுக்கவில்லை.